கண் செருக வைக்காத தும்மல் மாத்திரை: ஃபெக்சோஃபெனடின் 120 மி.கி.

மார்கழிப் பனி தொடங்கிவிட்டால் இருபது முப்பது தும்மலோடுதான் எனக்குப் பொழுது விடியும். குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரையைப் பல ஆண்டுகள் விழுங்கிவிட்டு, முதல் பாடவேளையிலேயே கரும்பலகை முன் கண் செருக நின்ற ஆசிரியர் நான். இரண்டு பருவங்களாக மருத்துவர் எழுதித் தருவது ஃபெக்சோஃபெனடின் 120 மி.கி.; நாளுக்கு ஒன்று.

சுமார் ஒரு மணி நேரத்தில் தும்மலும் மூக்கரிப்பும் அடங்குகின்றன. அதைவிட நான் மதிப்பது, இந்த மருந்து மூளையை விட்டு விலகி நிற்பதைத்தான். மூக்கில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்னும் அதே வேதிப்பொருள், மூளைக்குள் நம்மை விழிப்போடு வைத்திருக்கும் வேலையைச் செய்கிறது. பழைய மாத்திரைகள் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரைக் கடந்து அங்கே ஹிஸ்டமின் வந்து பற்றும் இடங்களான எச்1 ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால் தூக்கம் வருகிறது. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளையும் தடுப்பதால் வாய் உலர்கிறது, முதியவர்களுக்குச் சிறுநீர் பிரிவதில் சிரமமும் மனக்குழப்பமும்கூட ஏற்படலாம். ஃபெக்சோஃபெனடின் உள்ளே நுழையப் பார்த்தாலும், அச்சுவரிலுள்ள பி-கிளைக்கோபுரோட்டீன் என்னும் புரதம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. இடையில் சில மாதம் எடுத்த செட்டிரிசின் என்ற இன்னொரு தும்மல் மாத்திரையில் எனக்கு லேசான மந்தம் இருந்தது. இதில் அதுவும் இல்லை.

இதன் பிறப்பும் அறியத்தக்கது. டெர்ஃபெனடின் என்ற முந்தைய மருந்தைக் கல்லீரல் மாற்றும்போது கிடைக்கும் பொருளே ஃபெக்சோஃபெனடின். பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகொனசோல் போன்ற மருந்துகள் அந்த மாற்றத்தைத் தடுத்தபோது, மாறாமல் இரத்தத்தில் தேங்கிய டெர்ஃபெனடின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்ததால், 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த ஆபத்தில்லாத இப்பொருளுக்கு அங்கே 1996இல் அனுமதி கிடைத்தது.

குறைகளும் உண்டு. ஒரு வாரம் ஆரஞ்சுப் பழச்சாற்றோடு விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று மருத்துவரிடம் முறையிட்டேன். குடலில் இம்மருந்தை உறிஞ்ச உதவும் புரதங்களை ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் தடுக்கின்றன என்று விளக்கி, தண்ணீரோடு மட்டும் எடுக்கச் சொன்னார். அதன் பிறகு சரியாயிற்று. அலுமினியமும் மக்னீசியமும் உள்ள நெஞ்செரிச்சல் மருந்தையும் இதையும் சேர்த்து எடுக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மூக்கடைப்புக்கு இது பெரிதாக உதவாததால் எனக்கு மூக்கு ஸ்பிரேயும் தேவைப்பட்டது. பழைய மாத்திரையைவிட விலை கூடுதல்தான் என்றாலும், கடைசிப் பாடவேளை வரை தெளிவோடு நின்று கற்பிக்க முடிவதால் மனம் ஒப்பியே வாங்குகிறேன்.