வாட்டர்ப்ரூஃப் பூட்ஸா, வலைத்துணி ஷூவா?

மழை என்றாலே மலைநடைக்கு வாட்டர்ப்ரூஃப் பூட்ஸைத்தான் பலரும் எடுக்கிறார்கள். ஈரப்புல், தூறல், பனி படர்ந்த பாதை என்றால் அது சரி. பூட்ஸின் துணிக்குள் இருக்கும் கோர்-டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வு நீர்த்துளியை உள்ளே விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும். ஆனால் வெளித்துணி முழுக்க நனைந்துவிட்டால் ஆவி வெளியேறுவது குறைந்து, கால் உள்ளிருந்தே ஈரமாகும். ஓடையில் இறங்கினாலோ கதையே வேறு: பூட்ஸின் மேல்வாய் வழியாகப் புகுந்த தண்ணீர் போக வழியின்றித் தேங்கும். காய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம்.

வலைத்துணி ஷூ உடனே நனையும். அப்புறம் நடக்க நடக்கத் தண்ணீர் பிதுங்கி வெளியேறி, வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். எடையும் குறைவு, காலில் கூடும் எடை, முதுகில் கூடும் அதே எடையைவிட அதிகம் களைப்பாக்கும். வெப்பமான, ஓடைகள் குறுக்கிடும் பாதைக்கு என் ஓட்டு இதற்கே. ஈரத்தோடு உரசலும் சேர்ந்தால் கொப்புளம் வரும் என்பதால் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம்.

கூர்கற்கள், கனமான பை, உறைகுளிர் என்றால் மட்டும் பூட்ஸ் பக்கம் சாய்வேன். எதுவானாலும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கக் கூடாது.