நர்ஸ் வேலைக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டும் தொகை எழுதாத செக்கும் கேட்டால் கொடுக்காதீர்கள்

புதுச்சேரி தனியார் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரப்போகும் நர்சிங் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது இது. விவகாரம் இன்னும் முடியாததால் மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை.

நேர்முகத்தில் சம்பளம் 18,000 என்று வாயால் சொன்னார்கள். சேரும் அன்று எச்.ஆர். அறையில் 20 ரூபாய் முத்திரைத்தாளையும், அதோடு பின் போட்ட ஆங்கிலத் தாள்களையும் நீட்டினார்கள். கையெழுத்து வரவேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. தொகை எழுத வேண்டிய கோடு காலியாக இருந்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் ஒரே ஃபார்மேட்தாம்மா, சீக்கிரம் போடுங்க, வார்டுல ஆள் இல்ல" என்றார் அங்கிருந்தவர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை எல்லா ஒரிஜினலும் வாங்கிக்கொண்டார்கள். சரிபார்த்துவிட்டு ஒரு வாரத்தில் தருவார்களாம். கூடவே கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்று. ஒப்பந்தத்தின் நகல் கேட்டேன், கொடுக்கவில்லை.

முதல் மாதச் சம்பளம் 13,000 சொச்சம்தான் வந்தது. மீதியைப் பயிற்சிக் கட்டணம் என்று பிடித்துவிட்டார்கள். அங்கே எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை. ஊசி மருந்து எங்கே இருக்கிறது, ரிப்போர்ட் எப்படி எழுத வேண்டும் என்று சீனியர் அக்கா ஒருவர் டூட்டிக்கு நடுவே சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

அப்புறம் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யிலிருந்து சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. ஒரிஜினலைக் கேட்டுப் போனபோதுதான் அந்தக் காலிக் கோட்டில் 1,50,000 என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். "பாண்ட் ரெண்டு வருஷம். பணத்தைக் கட்டிட்டு சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். போலீஸில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் நகையை அடகு வைக்க அப்பா கிளம்பினார். அவரை நிறுத்தியவர் எங்கள் தெருவில் இருக்கும் வக்கீல் குமாஸ்தா அண்ணன். கடலூர் நீதிமன்றத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரே கூட்டிப்போனார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வக்கீல் இலவசம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கும் உரிமை அது.

அங்கே எனக்குக் கிடைத்த வக்கீல் அம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலை செய்வேன், இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம், என்றாலே செல்லாது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். வங்கி ஊழியர் ஒருவரின் வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக, எழுதிய தொகை முழுவதையும் கேட்ட உடனே கட்ட வேண்டும் என்றும் இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், அந்தத் தொகை அதற்கு உச்சவரம்பு. எது நியாயம் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும், எச்.ஆர். அல்ல. பணம் வேண்டுமென்றால் அவர்கள் வழக்குப் போடட்டும். பாண்டைக் காட்டி உங்களைக் கட்டாயமாக வேலை செய்ய வைக்க நீதிமன்றமே உத்தரவிடாது.

என் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் புதுச்சேரி, கடலூர், விழுப்புரத்தில் வேறு எந்த மருத்துவமனையிலும் சேரக்கூடாதாம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது செல்லவே செல்லாது. இந்த ஒரு வரிக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சான்றிதழைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. கல்லூரி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைப்பது பற்றிய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவைக் காட்டி அதை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லியிருக்கிறது. புதுச்சேரியும் அதே உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்து அந்தச் செக்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கில் தொகையை அவர்களே நிரப்பி வங்கியில் போடலாம். பணம் கிடைக்காமல் செக் திரும்பினால், செக் பற்றிய சட்டமான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்குப் போடலாம். அந்தச் செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டதால் மட்டும் தப்பிக்க முடியாது. நோட்டீஸ் வந்தால் மேஜை மேல் போட்டு வைக்காமல் அன்றே வக்கீலிடம் ஓடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போனதும் சான்றிதழ்களை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் அதற்குள் சரிபார்ப்புத் தேதி போய்விட்டது. அந்த அரசு வேலையை இவர்களால் நான் இழந்தேன். செக்கையும் கடைசி மாதச் சம்பளத்தையும் இன்னும் தரவில்லை. சம்பளத்துக்குப் புதுச்சேரி தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறேன், செக்கைத் திருப்பித் தரும்படி இன்னொரு நோட்டீஸும் போயிருக்கிறது.

சேரப்போகிறவர்கள் ஒரிஜினலைக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். காலி இடம் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட தாளை அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தையும் பிடித்தத்தையும் எழுத்தில் கேளுங்கள், மெயிலில் வந்தாலும் சரி. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 15100 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்தால் சட்ட உதவி கிடைக்கும்.