கிரீனில் ஓட்டை போடும் மெஷின்: மலிவாக வந்தால் வாங்கலாமா?

பினாங்கில் கோல்ஃப் திடல் வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "பழைய ஏரேட்டர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, எடுக்கலாமா அண்ணே?" ஏரேட்டர் என்றால் புல்தரையில் ஓட்டை போட்டு மண்ணைத் துண்டு துண்டாக வெளியே எடுக்கும் மெஷின். பின்னாலேயே நடந்து ஓட்டும் அதே ரகத்தைத்தான் கோலாலம்பூரில் நாங்கள் பல வருடமாக வைத்திருக்கிறோம். போன வாரம்தான் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை, அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடும் ஒட்ட வெட்டிய புல்தரைகளில், இருப்பது டிஃப்ஈகிள் பெர்முடா என்ற புல். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அது வருடம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அடியில் தாட்ச், அதாவது செத்த தண்டும் வேரும் சேர்ந்த மெத்தை, தடித்துவிடும். சாயங்கால இடிமழைத் தண்ணீர் கீழே இறங்காமல் அதன்மேலேயே நிற்கும். மரநிழலில் இருக்கும் ஒரு கிரீனைத் தோண்டினால் மண் கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஓட்டை போட்டு மணல் நிரப்பத் தொடங்கிய பிறகு அந்த நாற்றம் போயே போச்சு. ஒவ்வொரு ஓட்டையிலும் புது வேர் வெள்ளை வெளேரென்று இறங்கியிருந்தது. பந்து துள்ளுகிறது என்று உறுப்பினர்கள் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், அது எப்போதும் உள்ளதுதான்.

என் எரிச்சல் எல்லாம் டைன் மேல், அதாவது மண்ணில் குத்தி இறங்கும் குழாய் மாதிரியான பல் மேல். கிரீனுக்கு அடியில் 30 செ.மீ. மணல். அது அரம் மாதிரி டைனைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். 10 செ.மீ. இறங்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மேலே பார்த்தால் ஓட்டை அச்சு அசலாக அப்படியே இருக்கும்! வெளியே விழும் மண்துண்டை எடுத்து விரல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். எப்போதும் ஒரே ஆழத்தில் குத்தினால் அதற்குக் கீழே மண் இறுகிக்கொள்ளும், அது தனி வம்பு. கம்பெனி டைன் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உள்ளூரில் செய்து வாங்கியது வாய் பிளந்து, மண்ணை வெட்டுவதற்குப் பதில் புல்லைப் பிய்த்தது. கடைசியில் ஒன்று உடைந்து, அதைப் பிடித்திருக்கும் கட்டையையும் வளைத்துவிட்டது. பில்லைப் பார்த்துவிட்டு மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

சரி, எங்கள் கொட்டகையில் இருக்கும் மெஷின்களில் புல்லுக்கு இவ்வளவு நல்லது செய்தது வேறு எதுவும் இல்லை. இருந்தாலும் தம்பி, மலிவு என்று வாங்காதே. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஓட்டுவதற்கு ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிடு, டைன் அவர் தலைவலியாக இருக்கட்டும். அப்புறம், எங்களுடையதை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதே.