சராண்டா கடலோர உணவகத்தில் 18,400 லெக் போச்சு: அல்பேனியா போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குத் திரும்பும் கப்பலுக்காகச் சராண்டா துறைமுகத்தில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் வரிசை முன்பின் இருக்கலாம். நேற்று முன்தினம் இரவு கடலோர மொட்டைமாடி உணவகம் ஒன்றில் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு 18,400 லெக் பிடுங்கிவிட்டார்கள். ஏறக்குறைய 190 யூரோ. லெக்கும் நம் ரூபாயும் இப்போது கிட்டத்தட்ட ஒரே மதிப்புதான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. கரையோர நடைபாதைக்கு மேலே, படியேறிப் போகிற மாடி. வெள்ளை மேசைவிரிப்பு, திராட்சைக் கொடிப் பந்தல், எதிரே கோர்ஃபுத் தீவின் விளக்குகள். "பாரம்பரிய அல்பேனியச் சாப்பாடு, மத்தியதரைக்கடல் மீன்" என்று வாசலில் பலகை. இந்த அடையாளம் அந்த வரிசையில் பாதிக் கடைகளுக்குப் பொருந்தும், அதுதான் சிக்கல்.

நான், மனைவி, ஏழு வயது மகள், அத்தை. அன்று செவ்வாய்க்கிழமை, அத்தை அசைவம் தொடமாட்டார். அதைச் சொன்னதும் முதலாளியே மேசைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும், நரைத்த மீசை. எந்த ஊர் என்றார். இந்தியா என்றோம். வலது கையை நெஞ்சில் வைத்து, "நெனெ தெரேசா!" என்றார். அன்னை தெரசா அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர், திரானா விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். எங்கள் அன்னை உங்கள் கல்கத்தாவில் வாழ்ந்தார், நீங்கள் எங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை, விருந்தாளி என்றார். "பெசா" என்றும் சொன்னார், கொடுத்த வாக்கைக் காப்பது என்று அவர்கள் உயிராக மதிக்கிற விஷயம். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு நல்ல மனுஷர் பாருங்க மாப்பிள்ளை" என்றார். பெரியவர்கள் மூன்று பேருக்கும் ராக்கி என்கிற சாராயம் வந்தது, வீட்டில் காய்ச்சியது, என் அன்பளிப்பு என்றார். அத்தை கிளாஸைத் தொடக்கூட இல்லை.

அப்புறம் ஒரு தட்டில் ஐஸ் பரப்பி இரண்டு லெவ்ரெக் மீன் கொண்டுவந்து காட்டினார். பார்க்க நம்ம ஊர் கொடுவா மாதிரி இருக்கும். மெனுவில் மீனுக்கு நேரே விலையே இல்லை, "அன்றைய விலை" என்று மட்டும். கிலோ எவ்வளவு என்று கேட்டேன். "உங்களுக்கு நல்ல விலை, கவலைப்படாதீர்கள்" என்றார். எடை போட்டுக் காட்டுங்கள் என்றேன். தராசு சமையலறையில் இருக்கிறது, சீட்டு எழுதி அனுப்புகிறேன் என்றார். சீட்டு வரவில்லை, மீன் வந்தது.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிகிறது. அத்தைக்கு ஃபெர்கெஸ், குடைமிளகாயும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து மண் சட்டியில் சுட்டது, மேசைக்கு வந்த பிறகும் ஓரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு ரொட்டி கேட்டார். எனக்குத் தாவெ கோசி, ஆட்டுக்கறியின் மேல் தயிரும் முட்டையும் ஊற்றிப் பொன்னிறமாக வரும்வரை அடுப்பில் வைப்பது. புத்ரிந்த் ஏரியின் சிப்பிகளும் ஒரு தட்டு. நன்றாகவே சமைக்கிறார்கள். சமைத்து நியாயமாகக் காசு வாங்கினாலே கூட்டம் வருமே!

பில் என்று வந்தது நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். மீன் 2.4 கிலோ, கிலோ 5,000 வீதம் 12,000. ராக்கி மூன்று, 1,500. அன்பளிப்பு ராக்கி! அத்தை தொடாத கிளாஸுக்கும் 500. ரொட்டிக்கு 600. மற்றவை சேர்த்து 18,400 லெக்.

இரண்டு மீன் 2.4 கிலோ என்றால் ஒன்று 1.2 கிலோ. சமைப்பதற்கு முன் மகள் அந்தத் தட்டருகே கையை நீட்டி வைத்து எடுத்த படம் என் போனில் இருக்கிறது. அவள் முழங்கை முதல் விரல்நுனி வரைகூட மீன் வரவில்லை. அரைக்கிலோ தேறினாலே அதிசயம். படத்தைக் காட்டினேன். அதுவரை அழகாக ஆங்கிலம் பேசிய பணியாளருக்குத் திடீரென்று இத்தாலியன் மட்டும்தான் வந்தது. பிறகு, குடல் எடுப்பதற்கு முன்பிருந்த எடை என்றார். தராசைக் காட்டு என்றால் சமையலறை மூடியாச்சு. முதலாளி எங்கே என்றால் வீட்டுக்குப் போய்விட்டார். விருந்தாளியை வழியனுப்பக்கூட நிற்கவில்லை, மகராசன்.

கார்டு எடுக்கமாட்டார்களாம். கீழே ஏடிஎம் இருக்கிறது என்று ஒரு பையனைக் கூடவே அனுப்பினார்கள். இயந்திரத்தின் கமிஷன் தனி. பணத்தைக் கொடுத்துவிட்டு கூப்பொன் தாதிமோர் கேட்டேன், வரித்துறையில் பதிவாகிற ரசீது. 2021 முதல் அந்த நாட்டில் கியூஆர் குறியோடு இதைத் தர வேண்டும் என்பது சட்டம். நெட் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்றார்கள்.

மறுநாள் போனேன். கடை திறந்திருந்தது, ஆனால் முதலாளியும் இல்லை, நெட்டும் இல்லையாம். நடைபாதையில் நின்ற போலீஸ்காரர் நகராட்சிக்குப் போகச் சொன்னார். நகராட்சியில் வரி அலுவலகம் என்றார்கள். வரி அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசீது இருக்கிறதா என்றார். ரசீது தரவில்லை என்பதுதான் புகாரே என்றேன். ரசீது இல்லாமல் நீங்கள் அங்கே சாப்பிட்டதற்கு என்ன ஆதாரம் என்றார். தங்கியிருந்த விடுதியில் வரவேற்பிலிருந்த பெண் தோளைக் குலுக்கி, "சீசன்" என்றாள். ஒரு மதிப்புரைத் தளத்தில் எழுதினேன். "அன்புள்ள விருந்தினரே, மீண்டும் வருக" என்று பதில். படத்தைப் போட்டதும், நீங்கள் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை என்று அடுத்த பதில். வந்ததே இல்லாத எனக்கு எதற்கு "மீண்டும் வருக"?

"விடுங்க மாப்பிள்ளை, ஊர் பேரைக் கெடுக்காதீங்க" என்கிறார் அத்தை. ஊரைச் சொல்லவில்லை. நேற்று காலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சின்னக் கடையில் கீரை வைத்த பியூரெக் வாங்கினோம், மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்தார் அந்த அம்மா, ரசீதோடு. ஊர் நல்ல ஊர்தான். அந்த மாடிதான் 18,400 லெக்கை விழுங்கியது.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ஆட்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சுருக்கமாக: கிலோ விலையில் மீன் வாங்கினால் உங்கள் கண்முன் எடை போட்டு, மொத்தத் தொகையை எழுதி வாங்காமல் தலையாட்டாதீர்கள். விலை போடாத மெனு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அன்பளிப்பு என்று எது வந்தாலும் "இதற்குக் காசு இல்லைதானே" என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ரசீது வந்த பிறகு பணம் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். 1965-இல் பத்துப் பழைய லெக்கை ஒரு புது லெக் ஆக்கினார்கள், இன்றும் பலர் பேச்சில் பழைய கணக்கே வருகிறது. 200 லெக் ஐஸ்கிரீமை 2,000 என்பார்கள், நோட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏடிஎம் உங்கள் ஊர்ப் பணத்திலா லெக்கிலா என்று கேட்டால் லெக் என்று அழுத்துங்கள். மிச்சமிருக்கும் லெக்கை அங்கேயே மாற்றிவிடுங்கள், வெளியே வாங்க ஆளில்லை.