மானிட்டருக்கு ஒரு குமிழ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மானிட்டர் செய்பவர்கள் பட்டன்களைக் கொண்டுபோய் அடிவிளிம்பில் ஒளித்துவைக்கிறார்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் தடவிப் பார்த்து மெனுவைத் திறந்து, பிரைட்னஸ் வரை இறங்கி, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய சிஆர்டி (பெட்டி போலத் தடித்த, குழாய்த் திரை) மானிட்டர் பலவற்றில் இதற்கென்றே இரண்டு சின்னச் சக்கரங்கள் இருந்தன. அதை ஏன்தான் எடுத்தார்களோ.

இப்போது என் மேசையில் இரண்டு யுஎஸ்பி குமிழ்கள், அதாவது கணினியில் செருகிக் கையால் திருப்பும் திருகுகள். இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் ஒலி.

ஒலிக்கு எந்த வேலையும் இல்லை. குமிழ் தன்னை ஒரு கீபோர்டு என்றுதான் கணினியிடம் சொல்லிக்கொள்கிறது. திருப்பினால் வால்யூம் கீயை அழுத்தியதாகக் கணக்கு. வெளிச்சம்தான் கொஞ்சம் பாடுபடுத்தும். தனி மானிட்டர்கள் பெரும்பாலும் கீபோர்டின் பிரைட்னஸ் கீயைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு டிடிசி/சிஐ என்றொரு வழி இருக்கிறது: படம் போகும் அதே எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளிலேயே மானிட்டருக்குக் கட்டளையும் அனுப்பலாம். விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே, மேக்கில் மானிட்டர்கன்ட்ரோல், லினக்ஸில் டிடிசியூட்டில் ஆகியவை இந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன. மானிட்டர் மெனுவில் டிடிசி/சிஐ ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் நடுவில் போடும் சில டாக்குகளும் அடாப்டர்களும் இந்தக் கட்டளையைக் கடத்துவதே இல்லை.

இன்னொரு தொல்லை, இந்த வழி மெதுவானது. குமிழை வேகமாகச் சுழற்றினால் கட்டளைகள் வரிசையில் சேர்ந்துவிடும். கையை எடுத்த பிறகும் திரை மங்கிக்கொண்டே போகும். இடையில் வருவதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசி அளவை மட்டும் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டதும் சரியானது. என் குமிழில் ஒரு சுற்றுக்கு 20 'டக்', அதாவது கையில் தட்டும் 20 படிகள். ஒரு டக்குக்கு 5 சதவீதம் என்று வைத்தால், ஒரே சுற்றில் இருட்டிலிருந்து முழு வெளிச்சம். பொழுது சாய்ந்தால் அரைச் சுற்று என்பது கைக்கே பழகிவிட்டது. முன்பெல்லாம் கண் கூசினாலும் மெனுவுக்குச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுவேன். இப்போது ஒரு நாளில் பலமுறை மாற்றுகிறேன்.

முடிவில்லாமல் சுற்றும் குமிழ் என்பதால் கடைசியில் முட்டி நிற்கும் அந்த உணர்வு மட்டும் கிடையாது. பழைய ரேடியோ வால்யூம் திருகு போன்ற பொட்டென்ஷியோமீட்டரில் அது உண்டு. ஆனால் மென்பொருள் அளவை மாற்றிவிட்டால் அதன் முள் பொய் சொல்லும். அதனால் இதையே ஏற்றுக்கொண்டேன்.

தேய்மானம் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒலிக் குமிழ் இரண்டாம் வருடத்திலேயே தகராறு செய்தது. ஒலியை அதிகமாக்கத் திருப்பினால் நடுவில் ஒரு படி குறையும். உள்ளே இரண்டு தொடுமுனைகள். எது முந்தி மாறுகிறதோ அதை வைத்துத்தான் திசை தெரியும். அழுக்கோ தேய்மானமோ சேர்ந்தால் அந்த வரிசை தவறாகப் படிக்கப்படுகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்ததில் சில வாரம் தாங்கியது. பிறகு சால்டரிங் அயர்னை எடுத்து, ஒரு பக்கம் மூன்று கால், மறுபக்கம் அழுத்து சுவிட்சின் இரண்டு கால், பிடிமானத் தகடுகள் என எல்லாவற்றையும் கழற்றி, திருப்புவதை உணரும் பாகமான என்கோடரையே மாற்றினேன். காந்த உணரி, ஒளி உணரி உள்ள குமிழ்களில் உரசும் தொடுமுனை இல்லாததால் இந்தச் சிக்கல் வராது. விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

அழுத்தினால் ஜூம், மறுபடி அழுத்தினால் ஸ்க்ரோல் என்று ஒரே குமிழுக்குப் பல வேலை கொடுப்பதைச் சீக்கிரமே கைவிட்டேன். இப்போது எது என்று திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால் மவுஸே போதுமே! 2016இல் வந்த மைக்ரோசாப்ட் சர்ஃபேஸ் டயலும் மெனுவைத் திரையில்தான் காட்டியது. படம் வரைபவர்களுக்கு அது ஒத்துவரலாம். எனக்கு ஒரு குமிழ், ஒரு வேலை. விதிவிலக்கு வீடியோ எடிட்டிங். இடது வலது அம்புக்குறிகளைக் குமிழுக்குக் கொடுத்தால் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துவது சுகம்.

வாங்குவதாக இருந்தால் கனமான உலோக உடலும் ரப்பர் அடியும் உள்ளதாகப் பாருங்கள். லேசானது திருப்பும்போது மேசையில் கூடவே நகரும். க்யூஎம்கே போன்ற ஃபர்ம்வேர் (குமிழுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இருந்தால் அமைப்புகள் குமிழுக்குள்ளேயே பதிந்துவிடும், குமிழுக்கென்று எந்நேரமும் பின்னணியில் ஓடும் மென்பொருள் தேவைப்படாது; வெளிச்சத்துக்கு மட்டும் மேலே சொன்னது வேண்டும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றில் 40 சதவீதம் மற்றதில் 40 போல இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி வரம்பு கொடுத்த பிறகுதான் ஒரே குமிழில் சேர்க்க முடிந்தது.