ஸ்பீக்கர் உறுமல்: யூஎஸ்பியில் அறுப்பதா, ஆடியோ வயரில் அறுப்பதா?

லேப்டாப் சார்ஜரை மாட்டியதும் ஸ்பீக்கரில் உறுமல். மவுஸை நகர்த்தினால் கூடவே ஒரு கீச்சொலி. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் நிசப்தம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் எர்த் வயர்கள் சேர்ந்து உண்டாகும் மின்வளையம்) என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். சார்ஜருக்கும் மூன்று பின், ஸ்பீக்கருக்கும் மூன்று பின். லேப்டாப் அனுப்பும் எண்களை அனலாக் ஒலியாக மாற்றும், யூஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் டாக் (DAC) நடுவில் பாலமாக நிற்கிறது. டாக்கிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஆர்சிஏ ஆடியோ வயரின் உறை வழியாகவும் எர்த் மின்னோட்டம் பாய, அங்கே உண்டாகும் சிறு மின்னழுத்தம் பாட்டோடு சேர்ந்து பெருகுகிறது.

எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே இன்சுலேஷன் போனால் உலோக உடம்பில் 230 வோல்ட் வந்து நிற்கும்.

டாக்கிலும் ஸ்பீக்கரிலும் பேலன்ஸ்டு இணைப்பு (ஒலியை இரு வயர்களில் எதிரெதிராக அனுப்பி, நடுவில் சேரும் இரைச்சலை நீக்கும் முறை) இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். என்னிடம் இல்லாததால் ஆடியோ வயரின் நடுவே மாட்டும் டிரான்ஸ்ஃபார்மர், லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவே மாட்டும் யூஎஸ்பி ஐசோலேட்டர் இரண்டையும் வாங்கினேன்; இரண்டும் எர்த் தொடர்பை அறுப்பவை. உறுமலை இரண்டுமே நிறுத்தின. இன்று மேசையில் இருப்பது ஐசோலேட்டர்.

டிரான்ஸ்ஃபார்மர் மலிவு, அதற்குத் தனி மின்சாரம் வேண்டாம், எந்த டாக்குடனும் சேரும். ஆனால் மிருதங்கத்தில் அது என்னை ஏமாற்றியது. தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) கும்கி என்னும் அடிநாதம் உருண்டு எழ வேண்டிய இடத்தில் அமுங்கிய ஒரு ‘தும்’தான் கேட்டது, வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் பிசகாமல் வந்தன. காரணம் அதன் இரும்பு உள்ளகம். மின்னழுத்தம் மாறாமல் அதிர்வெண் பாதியானால் உள்ளகம் தாங்க வேண்டிய காந்தப்பாயம் இரு மடங்காகிறது. விரல்நுனி அளவு உள்ளகம் 100 ஹெர்ட்ஸில் சமாளித்தாலும் 50 ஹெர்ட்ஸில் திணறும். அலையின் உச்சி நசுங்கும். சந்தேகம் தீர, டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் மின்னழுத்தம் குறையட்டும் என்று லேப்டாப்பில் ஒலியைக் குறைத்து ஸ்பீக்கரில் கூட்டினேன். தொப்பி ஓரளவு தெளிந்தது. ஆனால் தினமும் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கேட்க எனக்கு மனமில்லை. பெரிய உள்ளகத்தோடு வரும் விலை உயர்ந்த டிரான்ஸ்ஃபார்மரை நான் கேட்டதில்லை. என் குறை இந்தச் சிறிய பெட்டியைப் பற்றியது மட்டுமே.

ஐசோலேட்டர் கடத்துவது வெறும் எண்களை. அனலாக் ஒலி பிறப்பதற்கு முன்பே எர்த் தொடர்பு அறுந்துவிடுவதால் கும்கிக்கு எந்தச் சேதமும் இல்லை. வாங்குமுன் பார்க்க வேண்டியவை வேகமும் மின்சாரமும். ஏடியூஎம்3160 சிப் உள்ள போர்டுகளின் எல்லை நொடிக்கு 12 மெகாபிட். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 4.6 மெகாபிட் போதும் என்பதால் என் டாக்குக்கு இடைஞ்சல் இல்லை. 480 மெகாபிட் இணைப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கும் டாக் இதில் ஓடாது. மின்சாரமும் அளவுதான்: இத்தகைய போர்டுகளில் டாக்குக்கு மின்சாரம் தர வழக்கமாக உள்ள 1 வாட் மாட்யூல் 5 வோல்ட்டில் 200 மில்லிஆம்பியர் தரும். பெரிய ஹெட்ஃபோன்களை ஓட்டும் டாக்குக்கு அது காணாது.

போர்டின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். என்னுடையது 1.5 மெகாபிட் பக்கம் தள்ளியிருந்ததால் அரை மணி நேரம் லேப்டாப் டாக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுபக்கம் தள்ளிவிட்டுக் கழற்றி மாட்டியதும் பாட்டு வந்தது.

ட்வீட்டரில் (ஸ்பீக்கரின் கீச்சுக் குரல் பகுதியில்) காதை ஒட்டினால் மெல்லிய சீற்றம் ஒன்று இப்போதும் உண்டு. ஐசோலேட்டரின் மாட்யூலோ என்று பயந்து ஆர்சிஏ வயரையே பிடுங்கிப் பார்த்தேன். அப்போதும் கேட்டது; அது ஸ்பீக்கரின் சொந்தக் குரல்.