மஞ்சப்பையில் ஐந்து வருஷம்

டிசம்பரில் டொராண்டோவிலிருந்து மும்பை போனது அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு. விருந்து முடிந்த மூன்றாம் நாளிலிருந்து நான் இருந்ததெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் டெஸ்க் முன்னால்தான்.

அத்தானுக்கு 46 வயது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தையல் யூனிட். இருபத்தைந்து வருஷம் மிஷின் முன்னால் குனிந்தே இருந்த கழுத்து. ஜூலையிலிருந்து வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், ஊசியில் நூல் கோக்கக் கடைப் பையனைக் கூப்பிடும் நிலை. எட்டு வாரம் பிசியோதெரபி பார்த்தும் தீராமல் நவம்பரில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் சி5-சி6 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. டிஸ்க்கை எடுத்துவிட்டு மேலும் கீழுமுள்ள எலும்புகளைப் பிளேட் வைத்து ஒன்றாக இணைக்கலாம், இல்லையென்றால் செயற்கை டிஸ்க் பொருத்தலாம் என்றார் சர்ஜன். செயற்கை டிஸ்க் என்றால் அந்த இடத்தில் அசைவு மிஞ்சும். குனிந்து நிமிர்கிற தொழில்காரருக்கு அதுவே நல்லது என்பது அவர் கருத்து. அதற்குச் செலவு 5,20,000 என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

"பத்து லட்சம் பாலிசி இருக்கு மாப்ளே, நீ ஏன் முழிக்கிறே?" என்றார் அத்தான்.

கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது. அதைக் கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்லவேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் போட்ட விதி. நாற்பது நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். மறுப்பு! காரணம், விலக்கு எண் 02. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று, டிஸ்க் பிதுக்கம் மாதிரி மெல்ல முற்றும் நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பாலிசி எடுத்து 24 மாதம் ஆகாமல் அவற்றுக்குப் பணம் கிடையாது. அத்தானின் பாலிசிக்கு வயது 13 மாதம்.

ஆனால் அது புதுப் பாலிசி இல்லை. 2019 நவம்பரிலிருந்து வேறொரு கம்பெனியில் விடாமல் கட்டி, 2024 நவம்பரில் இந்தக் கம்பெனிக்குப் போர்ட் செய்தது, அதாவது மாற்றிக்கொண்டது. அப்படி மாறினால் ஏற்கெனவே காத்திருந்த காலம் கூடவே வரவேண்டும். ஏஜெண்ட் பழைய விவரத்தை ஒழுங்காக ஏற்றவில்லை போலிருக்கிறது. டெஸ்க்கில் இருந்த பெண்ணுக்கு நம் பக்கத்துத் தமிழும் மும்பை இந்தியும் ஒரே வாக்கியத்தில் வரும். "டென்ஷன் நஹி அண்ணா. அஞ்சு வருஷத்து ஷெட்யூலும் கொண்டாங்க. ஒண்ணு விட்டாலும் ஹோகா நஹி."

பீரோவைத் திறந்தோம். திருநெல்வேலி ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றில் கரன்ட் பில், பள்ளிக்கூட ரசீது, பாலிசித் தாள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. நான்கு வருஷத்து ஷெட்யூல், அதாவது பாலிசி விவரத் தாள், கிடைத்தது, 2021 மட்டும் இல்லை. அக்கா ராத்திரி பதினொரு மணிக்கு ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து அதை உருவினாள், நாலாக மடித்து, ஓரத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருந்தது. அந்தக் கணக்கோடேயே ஸ்கேன் செய்து அனுப்பினோம்.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. பழைய பாலிசி மூன்று லட்சத்துக்கு. போர்ட் செய்யும்போது பத்தாக உயர்த்தியிருக்கிறார். காத்திருந்த காலம் பழைய தொகைக்கும் அதில் சேர்ந்த போனஸுக்கும் மட்டுமே செல்லும், கூட்டிய தொகைக்கு மறுபடி முதலிலிருந்து 24 மாதம். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாததால் போனஸ் ஒன்றரை லட்சம். ஆக, இந்த ஆபரேஷனுக்குக் கையில் இருந்தது நாலரை லட்சம். ஏஜெண்டிடம் கேட்டால், "பத்து லட்சம்னுதானே சொன்னேன், இன்னிக்கேன்னு சொல்லலையே" என்கிறார். தொகையை உயர்த்துகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு வரியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தனி அறையிலிருந்து இருவர் அறைக்கு இறங்கினோம். இங்கே அறை மாறினால் வாடகை மட்டுமில்லை, சர்ஜன் கட்டணமும் தியேட்டர் கட்டணமும்கூட இறங்கும். டிஸ்க் விலை மட்டும் எந்த அறைக்கும் ஒன்றுதான். எஸ்டிமேட் 4,40,000 ஆனது.

அடுத்து கம்பெனியிடமிருந்து ஒரு குவெரி. எலும்பை இணைப்பது மலிவாயிற்றே, செயற்கை டிஸ்க் ஏன்? நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கான விலக்கு எண் 16-ஐயும் கூடவே சுட்டியிருந்தார்கள். கோபம் வந்தது. கழுத்துக்கான செயற்கை டிஸ்க்குக்கு அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2007-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் கோபத்தால் ஆகிறது ஒன்றுமில்லை, சர்ஜன் கடிதத்தால் ஆனது. முதலில் அவர் எழுதிய நாலு வரியை டெஸ்க் பெண்ணே திருப்பிவிட்டாள். வயது, ஒரே ஒரு டிஸ்க்தான் என்பது, பின்பக்க மூட்டுகளில் தேய்மானம் இல்லை என்பது, குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே, பிசியோ பார்த்த தேதிகள் எல்லாம் இரண்டாவது கடிதத்தில் ஏறின. மறுநாள் மத்தியானம் அப்ரூவல்.

இதிலும் மறுத்திருந்தால் கம்பெனியில் புகார் கொடுத்து, ஒரு மாதம் பார்த்துவிட்டு, சாந்தாகுரூஸில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போயிருப்போம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் கேட்பார்கள்.

எங்கள் ஒன்டாரியோவில் ஓஹிப் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்குப் பில் வராது. என்னோடு வேலை பார்க்கிறவர் முதுகுக்கு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவே பதினோரு மாதம் காத்திருந்தார். அத்தானுக்குச் சர்ஜன் மறுநாளே கிடைத்தார், காகிதத்துக்குத்தான் பதினாறு நாள். எது மேல் என்று கேட்காதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி ஒப்புதல் தரவேண்டும் என்பது விதி. அந்த மணி ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய பிறகுதான். காலை பத்து மணிக்குப் போகலாம் என்றார்கள், பில் கிளம்பியது இரண்டரைக்கு. மொத்தம் 4,38,600, அதில் 19,200 எங்கள் கையிலிருந்து. கையுறை, முகக்கவசம் எல்லாம் சரி. கழுத்து ஆபரேஷனுக்குக் கழுத்துப் பட்டை தரமாட்டார்களாம், 68 பொருள் கொண்ட விலக்குப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. வாசலில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாட்டினோம்.

நாலரை லட்சத்தில் இன்னும் 30,600 பாக்கி. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 60 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 180 நாள் செலவுக்கு அதிலிருந்து கேட்கலாம். எம்.ஆர்.ஐ. ரசீது, மருந்துச் சீட்டு, இனி வரப்போகும் பிசியோ பில் எல்லாம் அசலாக வேண்டும். நான் கிளம்பிய அன்று மஞ்சப்பை பீரோவிலிருந்து வெளியே வந்து, வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் சாவிக்கொத்தோடு தொங்கியது.